நாதத்தின் நான்கு பருவங்கள்

சென்ற பாடசாலை விடுமுறையின்போது கோண்டாவிலில் வசிக்கும் எமது பெரியம்மாவின் வீட்டில் இரண்டு நாட்கள் தங்க நேர்ந்தது. அவ்வீட்டு விறாந்தையில் புதிய விருந்தாளி ஒன்று வீற்றிருந்தது. கொழும்பிலிருந்து தருவிக்கப்பெற்ற மின்னிசைப் பலகை அது. 'கீபோட்' என்று பிள்ளைகள் வழங்கும் வாத்தியம். பெரியம்மாவின் பேர்த்தி, எமக்கு மருமகள் முறையானவள், பதின்மூன்று வயதினள், அதன் முன்னே அமர்ந்து ஒவ்வோர் இலக்கமாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பியானோ ஒலித்தது, வயலின் ஒலித்தது, குழல், எக்காளம், சித்தார் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. ஆயினும் சிறுமியின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

"மாமா, இதிலை எல்லா வாத்தியமும் இருக்கெண்டு சொன்னவை. வீணை மட்டும் இல்லை. அம்மம்மாவுக்கு ஒருக்கா வீணை வாசிச்சுக் காட்டவேணும் எண்டுதான் நான் ஆசைப்பட்டனான்" என்றாள்.

அவளுடைய ஆசையின் காரணத்தை நாம் அறிவோம். பெரியம்மா இளமையில் முறையாக வீணை பயின்றவர். திருமணத்தின்போது தாய்வீட்டிலிருந்து வந்த சீர்களுள் ஒன்றாக அவ்வீணையும் வந்தது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பெரியம்மாவின் குடும்பமும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நடந்தது. கைக்குழந்தையைத் தூக்குவதா, வீணையைத் தூக்குவதா என்பது அன்று ஒரு கேள்வியே அன்று. மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டின் சுவர்கள் இருந்தன, வீணை இருக்கவில்லை. அதன்பின் பெரியம்மா வேறொரு வீணையைத் தொடவுமில்லை. அதைப் பற்றிப் பேசவுமில்லை.

பேர்த்தி கேட்ட கேள்வி எம்மையும் சிந்திக்க வைத்தது. இல்லாத வீணையை இந்தப் பலகையில் ஆக்க முடியுமா? முடியுமாயின் எவ்வாறு? அன்று மாலை நாமும் அவளும் செய்த முயற்சியையும், அதனால் நாம் கற்றதையும் இவ்வாரம் வாசக நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம். பிள்ளைகளுக்கு இத்தகைய கருவியை வாங்கிக் கொடுத்திருக்கும் பெற்றோருக்கு இது பயன்படக்கூடும்.

முதலில், அப்பலகையில் வீணை ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடுவோம். மின்னிசைக் கருவிகளை ஆக்கும் கம்பனிகள் 1991ஆம் ஆண்டில் தமக்குள் ஒரு பொது ஒழுங்கை வகுத்துக்கொண்டன. 'ஜெனரல் மிடி' என்பது அதன் பெயர். எந்தக் கம்பனியின் கருவியானாலும் 1ஆம் இலக்கம் பியானோ, 41ஆம் இலக்கம் வயலின், 74ஆம் இலக்கம் குழல் என்று 128 ஓசைகளுக்கு அவ்வொழுங்கு வரிசை வகுத்தது. பாரத நாட்டின் பங்காக 105ஆம் இலக்கத்தில் சித்தாரும் 112ஆம் இலக்கத்தில் செனாயும் இடம்பெற்றன. வீணைக்கும் நாதஸ்வரத்துக்கும் அப்பந்தியில் இலை போடப்படவில்லை. நம் நாட்டு வாத்தியங்களின் ஓசையைத் தனியாகச் சேர்த்த கருவிகளும் பின்னர் வந்துள்ளன. ஆனால் எமது மருமகளின் பலகை அவ்வகையைச் சேர்ந்ததன்று.

இனி, ஓசையின் இயல்பைச் சற்று நோக்குவோம். பௌதிகம் பயிலும் மாணவர்கள் ஒலிக்குச் சுருதி, உரப்பு, பண்பு என மூன்று இயல்புகள் உள்ளன என்று படித்திருப்பர். சுருதியை அதிர்வின் மீடிறன் தீர்மானிக்கின்றது; உரப்பை அதிர்வின் வீச்சம் தீர்மானிக்கின்றது. வீணையும் குழலும் ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலித்தாலும், 'இது வீணை, இது குழல்' என்று கண்ணை மூடிக்கொண்டே நாம் சொல்லிவிடுகிறோம் அல்லவா? அந்த வேற்றுமைக்குத்தான் பண்பு என்று பெயர்.

இப்பண்பின் இரகசியம் யாது? 1863ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் ஹெல்மோல்ட்ஸ் இதற்கு விரிவான விடை ஒன்றை நூலாக வெளியிட்டார். ஒரு தந்தி அதிரும்போது அடிப்படைத் தொனி மட்டும் எழுவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு மீடிறன் கொண்ட மேற்றொனிகளும் உடன் எழுகின்றன. அவை கலக்கும் அளவே வாத்தியத்துக்கு வாத்தியம் வேறுபடுகின்றது என்பது அவர் கண்ட முடிபு. புளியும் மிளகும் உப்பும் ஒன்றே. கலக்கும் அளவு மாறும்போது ரசம் ஒன்றாகவும் குழம்பு ஒன்றாகவும் ஆகிவிடுவதைப் போன்றது இது.

இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டே அமெரிக்கரான லோரன்ஸ் ஹமண்ட் தமது மின்சார ஓர்கனை 1935ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதிலே ஒன்பது சிறு தண்டுகள் ஒரு தொகுதியாக அமைந்திருக்கும். ஒவ்வொரு தண்டையும் வெளியே இழுக்கும் அளவுக்கு ஒவ்வொரு தொனி கூடும். உள்ளே தள்ளினால் குறையும். வாசிப்பவரே சமையற்காரராகி ஓசையைக் கலந்துகொள்ளலாம். எனினும் எத்தனை விதமாகக் கலந்தாலும் அது ஓர்கனாகவே ஒலித்ததேயன்றி, மீட்டிய தந்தியாக ஒலிக்கவில்லை. ஏதோ ஒன்று குறைந்தது.

அக்குறை யாதென்பதை விளங்கிக்கொள்ள நாம் பாரிஸ் நகருக்குச் செல்லவேண்டும். 1948ஆம் ஆண்டில் அந்நகர வானொலி நிலையத்தில் பணியாற்றிய பியர் ஷேபர் என்பவர் ஒரு மணியின் ஓசையை இசைத்தட்டிற் பதிவு செய்தார். நாக்கு மணியைத் தாக்கும் அந்த முதற் கணத்தை நீக்கிவிட்டு, எஞ்சிய ரீங்காரத்தை மட்டும், அதன் உரப்புத் தளராதபடி ஈடுசெய்து, ஒலிக்கச் செய்தார். என்ன வியப்பு! மணி மறைந்துவிட்டது. 'ஓபோ' என்னும் மேனாட்டு ஊதுகுழலைப் போன்ற ஓசை அங்கே எழுந்தது. மணியை மணியென்று நமக்கு அறிவித்தது அதன் ரீங்காரம் மட்டுமன்று. அந்த முதல் 'டண்' என்னும் அடியுமேயாம். தொடக்கமும் முடிவும் ஓசையை வேறுபடுத்த உதவுகின்றன என்பதை ஹெல்மோல்ட்ஸ் அறியாதவரல்லர். ஆனால் அவர் தமது ஆராய்ச்சியை நிலையாக ஒலிக்கும் நடுப்பகுதியோடு நிறுத்திக்கொண்டார்.

ஆகவே, ஓசைக்கு நிறம் மட்டுமன்றி வாழ்வும் உண்டு. அது பிறக்கின்றது, வளர்கின்றது, நிற்கின்றது, மறைகின்றது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் நியூயோர்க் மாநிலத்தில் றொபேட் மோக் என்னும் பொறியியலாளரும் ஹேர்பட் டொய்ச் என்னும் இசையமைப்பாளரும் சேர்ந்து ஓர் இசைக்கருவியை ஆக்கியபோது இப்பிரச்சினை எழுந்தது. மின்சாரத்தால் எழுந்த ஓசை விடாது ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருந்ததேயன்றி, அதற்குப் பிறப்பும் இறப்பும் இல்லை. வீட்டு வாசலில் அழைப்புமணிக்குப் பொருத்தும் சாதாரணப் பொத்தான் ஒன்றைக் கடையில் வாங்கி அவர்கள் அதற்கு வழி தேடினர். அதை அமுக்கினால் ஓசை எழும், விட்டால் தணியும். பெரிய கருவிகளின் வரலாற்றிலும் இத்தகைய சிறிய பொத்தான்களுக்கு இடமுண்டு. அடுத்த ஆண்டில் நியூயோர்க் நகரின் மின்னிசை நிலையமொன்றை நடத்திய உசச்செவ்ஸ்கி என்பவர் ஓசையின் வாழ்வை நான்கு பருவங்களாகப் பிரித்து, அவற்றைத் தனித்தனியே திருத்தும் வசதி வேண்டுமெனக் கேட்டார். இன்று உலகெங்கும் விற்பனையாகும் பலகைகளில் அந்த நான்கையோ அவற்றுட் சிலவற்றையோ காணலாம்.

அந்நான்கையும் தமிழில் எழுச்சி, தணிவு, நிலை, ஓய்வு என்று வழங்குவோம். கட்டையை அமுக்கிய கணத்திலிருந்து ஓசை உச்சத்தை அடைய எடுக்கும் நேரம் எழுச்சி. உச்சத்திலிருந்து சற்று இறங்க எடுக்கும் நேரம் தணிவு. விரல் கட்டையில் இருக்கும்வரை ஓசை எந்த அளவில் நிற்கின்றதோ அது நிலை. விரலை எடுத்தபின் ஓசை முற்றாக மறைய எடுக்கும் நேரம் ஓய்வு. இவற்றுள் மூன்று காலத்தைக் குறிப்பன. நிலை ஒன்றே அளவைக் குறிப்பது. இதை மாணவர்கள் மறந்துவிடலாகாது.

இப்போது நாம் அறிந்த வாத்தியங்களை இக்கண்கொண்டு நோக்குவோம். ஆர்மோனியத்தின் கட்டையை அமுக்கியவுடன் ஓசை எழுகிறது. துருத்தியில் காற்று உள்ளவரை அதே அளவில் நிற்கிறது. விரலை எடுத்தவுடன் நின்றுவிடுகிறது. எழுச்சி குறைவு, நிலை முழுமை, ஓய்வு இல்லை எனலாம். வயலினில் வில் தந்தியை மெல்லப் பற்றி எழுப்புவதால் எழுச்சி சற்று நீளும். வில் நகரும்வரை ஓசை நிற்கும். மிருதங்கத்தின் மூடிய சொல்லுக்கு எழுச்சியும் உண்டு, மறைவும் உண்டு. இடையிலே நிலை என்பதே இல்லை. வீணையின் கதை வேறு. அங்கே விரல் தந்தியை ஒரு முறை மீட்டிவிட்டு விலகுகின்றது. தந்திக்குக் கிடைத்த சக்தி அவ்வளவே. அதைக் கொண்டே அது வாழ்நாளைக் கழிக்கவேண்டும். ஆகையால் எழுச்சி மிக விரைவு, நிலை பூச்சியம், தணிவோ நீண்டது. மேலும், உயர்ந்த மேற்றொனிகள் முதலில் மறைகின்றன. தாழ்ந்தவை பின்னர் மறைகின்றன. மீட்டியவுடன் கணீரென்று கேட்ட ஓசை வர வர மிருதுவாகிக் கனிந்து அடங்குவதன் காரணம் இதுவே.

இவ்வளவையும் மருமகளுக்கு விளக்கிய பின்னர் இருவருமாக வேலையைத் தொடங்கினோம். முதலில் எந்த ஓசையை அடித்தளமாகக் கொள்வது என்ற கேள்வி எழுந்தது. சித்தார் உறவினன்போலத் தோன்றினாலும் அதன் இரைச்சல் மிகுதி. உடனொலிக்கும் தந்திகளின் ரீங்காரம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வீணைத் தந்தி உலோகத்தாலானது என்பதை எண்ணி, 26ஆம் இலக்கத்திலுள்ள உருக்குத்தந்திக் கிற்றாரைத் தெரிந்தெடுத்தோம். கட்டைகள் முழுவதையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கினோம்.

அடுத்து எழுச்சியைத் தொட்டுப் பார்த்தோம். அதைச் சிறிது கூட்டியவுடன் மீட்டும் விரல் மறைந்து, தூரத்தில் யாரோ வில்லால் இழைப்பதுபோலாயிற்று. மணியின் அடியை நீக்கிய பாரிஸ்காரரின் கதை எம் மருமகளுக்கு அப்போதுதான் செவியால் விளங்கியது. எழுச்சியைப் பழையபடி பூச்சியத்தில் வைத்தோம். பின்னர் ஓய்வைக் கூட்டினோம். கட்டையை விட்டதும் வெட்டுண்டது போல நின்ற ஓசை இப்போது சற்று நேரம் நின்று அடங்கியது. ஆசை மிகுந்து மேலும் கூட்டியபோது ஒரு சுரத்தின் மேல் மற்றொரு சுரம் ஏறி, எல்லாம் கூழாகிவிட்டது. ஆதலால் பாதியளவுக்கு இறக்கினோம். ஓசையின் கூர்மையை வடிகட்டிக் குறைக்கும் வசதியைச் சிறிது பயன்படுத்தினோம். கிற்றாரின் பளபளப்பு மங்கிப் பலாமரக் குடத்தின் கனிவு ஓரளவு தோன்றியது. ஈற்றில் எதிரொலியை நிறுத்தினோம். கடையிலிருந்து வரும்போதே இக்கருவிகள் பெரிய மண்டபத்தில் ஒலிப்பது போன்ற எதிரொலியோடு வருவதுண்டு. பெரியம்மாவின் வீணை மண்டபத்தில் ஒலித்ததன்று; இந்த வீட்டின் சின்ன அறையில் ஒலித்தது.

"அம்மம்மா, ஒருக்கா வந்து கேளுங்கோ" என்று சிறுமி அழைத்தாள். பெரியம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் அமர்ந்தார். பேர்த்தி தன் சங்கீத வகுப்பில் பயின்ற மாயாமாளவகௌளை வரிசை ஒன்றை வாசித்தாள். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

"சத்தம் கிட்டத்தான் வந்திருக்கு மோனை. ஆனா விரலைக் காணேல்லை" என்றார்.

"விரலாலைதானே அம்மம்மா வாசிச்சனான்?"

"நீ ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு தரம் மீட்டுறாய். வீணையிலை அப்பிடியில்லை. ஒருக்கா மீட்டிப்போட்டு, அந்தச் சத்தம் சாகமுதல் தந்தியை இழுத்து அடுத்த சுரத்தைத் தொட்டிட்டு வரவேணும்."

எமது ஆராய்ச்சி முழுவதிலும் நாம் காணத் தவறிய ஒன்றை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். வீணைத் தண்டியில் 24 மெட்டுக்கள் உள்ளன. ஆயினும் மெட்டுக்களில் மட்டும் வீணை வாழ்வதில்லை. மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது சுருதி உயர்ந்து அடுத்த சுரத்தையும் அதற்கு அப்பாலும் தொட்டு மீள்கின்றது. கமகம் என்பது அதுதான். கட்டைகளோ படிக்கட்டுகள், ஒரு படியிலிருந்து மறுபடிக்குத் தாவலாமேயன்றி இடையில் ஒழுக முடியாது. இக்குறையைக் காட்டியே அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது; 1971ஆம் ஆண்டிலேதான் அத்தடை தளர்ந்தது.

ஆனால் ஆர்மோனியத்துக்கு இல்லாத ஒரு துணை இப்பலகைக்கு உண்டு. அதன் இடது புறத்தில் சுருதியை வளைக்கும் சிறு சில்லு ஒன்று இருக்கின்றது. அதை மேலே தள்ளினால் ஒலித்துக்கொண்டிருக்கும் சுரம் வழுக்கி உயரும். விட்டால் தன் இடத்துக்கு மீளும். பொதுவாக அது இரண்டு அரைச்சுர அளவுக்கு வளையும்; வேண்டுமாயின் கருவியின் அமைப்பில் அவ்வளவைக் கூட்டிக்கொள்ளலாம். சென்னையைச் சேர்ந்த கே. சத்தியநாராயணன் போன்ற கலைஞர்கள் இத்தகைய பலகையிலே கர்நாடக இசைக் கச்சேரிகளை நிகழ்த்தி வருவதை நாம் இசையரங்குகளில் காண்கின்றோம். கருவியின் குறையை வாசிப்பவரின் பயிற்சி பெருமளவுக்கு ஈடுசெய்கின்றது என்பதற்கு அவர்களே சான்று.

மருமகள் வலது கையால் ஒரு கட்டையை அமுக்கி, இடது கையால் சில்லை உருட்டினாள். முதலில் தந்தி இழுபடவில்லை, நாய்க்குட்டி ஊளையிட்டது. எல்லோரும் சிரித்தோம். பெரியம்மா சிரிக்கவில்லை. "மெள்ள, மெள்ள. நான் பாடுறன், நீ அதுக்குப் பின்னாலை வா" என்று சொல்லித் தொடையிலே தாளமிட்டவாறு பாடத் தொடங்கினார். அவரது இடது கைவிரல்கள் மடியின்மேல் தாமாகவே அசைந்தன. அங்கே இல்லாத தந்தியை அவை இழுத்தன. பேர்த்தி அவ்விரல்களைப் பார்த்துப் பார்த்துச் சில்லை அசைத்தாள். பத்துத் தரம் பிழைத்து, பதினோராந் தரம் ஒரு காந்தாரம் ஓரளவு சரியாக வந்தது. "ஓம், அதுதான்" என்றார் பெரியம்மா. அந்த வீட்டில் வீணையைப் பற்றிய பேச்சு அன்றிரவு நெடுநேரம் நிற்கவில்லை.

நேயர்களே, நாம் சொல்ல வந்தது இதுவே. கீபோட் என்பது பொய் வாத்தியம் என்று வெறுப்போரும் உளர். எல்லா வாத்தியமும் அதனுள் அடக்கம் என்று நம்புவோரும் உளர். இரண்டும் மிகை. இலக்கத்தை அமுக்கி ஓசையைப் பெறுவதோடு நின்றுவிட்டால் அது ஒரு விளையாட்டுப் பொருளாகி, ஆறு மாதத்தில் அலுமாரியின் மேல் ஏறிவிடும். அதன் ஓசைகளைத் திருத்திப் பார்க்கத் தொடங்கினாலோ, அதுவே செவிக்குப் பயிற்சியளிக்கும் நல்லாசான் ஆகிவிடும். எழுச்சி எத்தகையது, நிலை உண்டா, ஓய்வு எவ்வளவு என்று கேட்டுப் பழகிய செவி, கோயில் மணியையும் மழைத்துளியையும் முன்னையினும் நுட்பமாகக் கேட்கும்.

ஆனால் திருத்துவதற்கு முன்னர், உண்மையான வாத்தியம் எவ்வாறு ஒலிக்கும் என்பது தெரிந்திருக்கவேண்டும். கேளாத ஓசையை எவராலும் ஆக்கவியலாது. ஆகவே பிள்ளைகளைக் கோயில் திருவிழாவுக்கு அழைத்துச் சென்று நாதஸ்வரத்தின் அருகே சிறிது நேரம் நிற்க வையுங்கள். சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியர் வீட்டு வீணையை ஒரு முறை மீட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, உங்கள் வீட்டில் முன்னொரு காலத்தில் வாத்தியம் பயின்ற முதியவர் எவரேனும் இருப்பின், அவரை அழைத்துக் கதிரையில் இருத்தி, பிள்ளை வாசிப்பதைக் கேட்கச் செய்யுங்கள். வாத்தியம் தொலைந்திருக்கலாம், விரல்கள் இன்னும் மறந்திருக்கமாட்டா. அவ்விரல்கள் அறிந்ததை எந்தக் கம்பனியும் 128 இலக்கங்களுக்குள் அடைத்துத் தரவில்லை. அவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைக் கேட்டுப் பெற்றுக்கொள்வது பிள்ளைகளின் உரிமை. கேட்கத் தூண்டுவது பெற்றோரின் கடமை.

நாம் புறப்படும்போது மருமகள் தன் அமைப்பைக் கருவியின் நினைவில் பதிந்து, அதற்கொரு பெயரும் சூட்டியிருந்தாள். 'வீணை' என்று எழுதியிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தோம். அவள் எழுதியிருந்தது 'அம்மம்மா' என்று.